பரண் கட்டும் சத்தத்துக்கு மான் கலையுமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் அக்டோபர் 1 அன்றும், துப்பாக்கி வேட்டைப் பருவம் நவம்பர் 15 அன்றும் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய வாரங்களில் அங்குள்ள காடுகளில் நடந்தால் இரும்பு ஏணி மரத்தில் மோதும் ஓசையும், கட்டுப்பட்டையை இறுக்கும் கடகடப்பும், கிளை அறுக்கும் ரம்பத்தின் இரைச்சலும் ஆங்காங்கே கேட்கும். மான் வேட்டைக்காக மரத்தில் முதன்முறையாகப் பரண் கட்டுகிறவர் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தே தீரும்: இத்தனை சத்தம் போட்ட மரத்தடிக்கு மான் இனி வருமா?

வரும். சத்தம் மட்டுமே செய்த கேடு பெரும்பாலும் சில நாட்களில் தீர்ந்துவிடுகிறது. தீராமல் நிற்பவை வேறு: மனிதன் விட்டுச் சென்ற வாடை, மான் படுக்கும் புதருக்கு மிக அருகில் நுழைந்த தவறு, ஒரே வேலைக்காக நான்கு முறை காட்டுக்குள் போய்வந்த அவசரம், வேட்டை நாளன்று பரண் எழுப்பும் கிறீச்சொலி. ஆகவே வேலை நாளில் சத்தமே எழக்கூடாது என்று தவிப்பதைவிட, எந்தச் சத்தத்தை எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு தொலைவில் எழுப்புவது என்று திட்டமிடுவதே பயன் தரும். அதற்கான முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

இது வட அமெரிக்காவின் வெள்வால் மானைப் பற்றியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடை செய்கிறது. ஆதலால் உரிமம் பெற்று, பருவமும் எண்ணிக்கை வரம்பும் மீறாமல் வேட்டையாட இடமுள்ள நாடுகளில் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே இந்தக் குறிப்புகள் பொருந்தும்.

மானின் காது எதைக் கேட்கிறது

மானின் செவி நம் செவியைவிடப் பல மடங்கு கூர்மையானது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மை சற்று வேறு. தாழ்ந்த, மெல்லிய ஒலிகளில் மானுக்கும் மனிதனுக்கும் இடையே அவ்வளவு பெரிய வேறுபாடு இல்லை. மேல் அதிர்வெண்களில்தான் மான் நம்மை விஞ்சுகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். வெள்வால் மான் அதற்கும் மேற்பட்ட, நமக்கு முற்றிலும் கேட்காத ஒலிகளையும் கேட்கிறது. அதன் செவி மிகக் கூர்மையாக இருப்பது 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. இரு காது மடல்களையும் தனித்தனியே திருப்பவல்ல விலங்கு என்பதால், ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அது நின்ற இடத்திலிருந்தே கணித்துவிடுகிறது.

இந்தத் தகவலிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. மண்ணில் கட்டை விழும் 'தொப்' என்ற ஒலியைவிட, இரும்போடு இரும்பு மோதும் 'கிணிங்' என்ற ஒலியே மானின் செவிக்கு நேர் எதிரே போய் நிற்கும். காற்றில் முறியும் கிளைகளையும் உதிரும் ஓக் கொட்டைகளையும் சருகில் குதிக்கும் அணில்களையும் நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருக்கும் காட்டில், இரும்பு மோதும் ஒலிக்கு இணையான இயற்கை ஒலி எதுவுமில்லை. பரண் வேலையில் ஒரே ஒரு சத்தத்தை மட்டும் குறைக்க முடியும் என்றால் இரும்பின் சத்தத்தைக் குறையுங்கள். மரத்தின் சத்தத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம்.

சத்தமும் அச்சமும் ஒன்றல்ல

மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தைவிடப் பெரிய இரைச்சலைக் காட்டுக்குள் கொண்டுபோவது கடினம். ஆனால் மிச்சிகனின் வட தீபகற்பத்தில் குளிர்காலத்தில் மரம் வெட்டும் தொழிலாளர்கள், ரம்பச் சத்தம் கேட்டதும் மான்கள் ஓடிப்போவதற்குப் பதிலாக அருகே வருவதைக் காண்கிறார்கள். ஆழ்ந்த பனியில் தழை கிடைக்காமல் வாடும் மான்களுக்கு, வெட்டி வீழ்த்தப்பட்ட மரத்தின் உச்சிக் கிளைகள் எட்டாத உயரத்திலிருந்து இறங்கி வந்த உணவு. ரம்பம் பாடினால் பந்தி போட்டாயிற்று என்பதை அவை கற்றுக்கொண்டுவிடுகின்றன. அறுப்பவர்கள் அந்தப் பக்கம் உணவருந்த உட்கார்ந்ததும் இந்தப் பக்கம் மான்கள் வந்து நின்று மொட்டுகளைக் கடிப்பதும் உண்டு.

இதற்கு நேர்மாறான அனுபவம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மலையடிவாரத்தில் சோளமோ கடலையோ போட்டவர் பரண்மீது அமர்ந்து தகரத்தைத் தட்டுகிறார், வெடி போடுகிறார். முதல் சில இரவுகள் பன்றியும் மானும் விலகிப் போகின்றன. சத்தத்தைத் தொடர்ந்து எந்தத் தீங்கும் வருவதில்லை என்று தெரிந்ததும் அவை தகர ஒலியின் ஊடாகவே மேய்கின்றன. விரட்ட வேண்டும் என்றே எழுப்பும் சத்தத்துக்கே இந்த நிலை என்றால், பகலில் ஒரு மணி நேரம் எழுந்து அடங்கிய ரம்பச் சத்தம் ஒரு மானின் வாழ்விடத்தை மாற்றிவிடும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. வெள்வால் மான் தன் இடத்தை எளிதில் விட்டுக்கொடுக்காத விலங்கு; இருப்புப்பாதை ஓரத்திலும், உழுபொறி ஓடும் வயல் விளிம்பிலும், விமான நிலையத்துப் புல்வெளியிலும் அது குட்டி போட்டு வளர்க்கிறது.

மான் அஞ்சுவது எதிர்பாராததற்கும், முன்பு தீங்கோடு சேர்ந்து வந்ததற்கும். பண்ணை வண்டி வழக்கமான பாதையில் வழக்கமான வேகத்தில் போனால் மான் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மேய்ச்சலுக்குத் திரும்புகிறது. அதே வண்டி நடுவழியில் நின்று, இயந்திரம் அணைந்து, கதவு மெல்லச் சாத்தப்பட்டு, ஒருவர் பதுங்கிப் பதுங்கி நடக்கத் தொடங்கினால் மான் வாலைத் தூக்கிக்கொண்டு பாய்கிறது. சத்தத்தைவிட, சத்தம் திடீரென நின்றுபோன அமைதிதான் பல நேரங்களில் அதற்கு எச்சரிக்கையாகிறது.

வேட்டையர் நடமாட்டம் மான்களை எப்படிப் பாதிக்கிறது என்பதை, அவற்றுக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை கட்டி ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதையே வலுப்படுத்துகிறது. ஓக்லஹோமாவில் வேட்டையர் நடமாட்டத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்யப்பட்ட ஆய்வில், மான்கள் நிலத்தைவிட்டு வெளியேறவில்லை. தம் வழக்கமான எல்லைக்குள்ளேயே இருந்துகொண்டு, நடமாட்டத்தைக் குறைத்து, கண்ணில் படாமல் வாழக் கற்றுக்கொண்டன. தென் கரோலினாவில் நடந்த மற்றோர் ஆய்வில், ஒரு பரணில் வேட்டையர் அமர்ந்து சென்றபின் ஆண் மான்கள் அதன் சுற்றுப்புறத்தைப் பகல் வேளையில் தவிர்த்தன. அந்தத் தயக்கம் தணிய ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆயின. அங்கே மான்களை ஒதுங்க வைத்தது ஒரு மனிதன் அங்கே வந்துபோனான் என்ற அறிவு. ரம்பமும் சுத்தியலும் அந்தக் கதையில் இல்லை. பரண் கட்டுகிறவர் விட்டுச் செல்லும் தடயமும் அதே வகைதான் என்பதால், கடைசி வேலைக்கும் முதல் வேட்டைக்கும் இடையே மூன்று நாட்களாவது விடுவது குறைந்தபட்ச ஒழுங்கு. இரண்டு மூன்று வாரங்கள் விடுவது நல்லது. பல மாதங்கள் விடுவது எல்லாவற்றிலும் மேலானது.

எப்போது செய்வது

என்னைக் கேட்டால், அடுத்த ஆண்டின் பரணுக்கு உரிய மாதங்கள் பிப்ரவரியும் மார்ச்சும். வேட்டைப் பருவம் முடிந்திருக்கும். இலைகள் இல்லாததால் மான் தடங்கள் ஒற்றையடிப் பாதைகள் போலத் தெளிவாகத் தெரியும். ஆண் மான்கள் கொம்பை உரசிய மரங்களும் குளம்பால் கிளறிய மண்திட்டுகளும் முந்தைய இலையுதிர்காலம் விட்டுச் சென்றபடியே இருக்கும். படுக்கைப் புதருக்குள்ளேயே நுழைந்து பார்க்கத் துணியக்கூடிய ஒரே காலமும் இதுதான். அப்போது கலைத்துவிட்ட மானுக்கு அதை மறக்க ஏழு மாதங்கள் கிடைக்கின்றன. உதிர்ந்த கொம்புகள் கையில் அகப்படுவது கூடுதல் ஆதாயம்.

ஓக் மரங்களில் கிளை நீக்குவதாக இருந்தால் இந்தக் காலத்தேர்வு இன்னும் முக்கியமாகிறது. மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களில் ஓக் வாடல் என்னும் பூஞ்சை நோய் பரவியிருக்கிறது. புதிதாக வெட்டிய காயத்தின் சாற்றை நாடி வரும் சிறு வண்டுகள் நோயை மரத்துக்கு மரம் கடத்துகின்றன; செவ்வோக் வகை மரம் தொற்றிய சில வாரங்களில் பட்டுப்போகிறது. ஆகவே மிச்சிகனில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை ஓக் மரங்களில் ரம்பம் வைக்கக்கூடாது என்று அறிவுறுத்துகிறார்கள். புயலிலோ கவனக்குறைவிலோ காயம் பட்டுவிட்டால் உடனே வண்ணப்பூச்சால் மூடிவிட வேண்டும். மானை ஈர்க்கும் கொட்டையைத் தரும் மரத்தையே கொன்றுவிட்டு அங்கே பரண் கட்டி என்ன பயன்?

குளிர்காலத்தில் முடியாதவர்கள் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ செய்யலாம். அப்போது இலைகள் முழு வளர்ச்சியில் இருப்பதால், எந்தக் கிளை உண்மையில் மறைக்கிறது என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரியும். மார்ச்சில் காலியாகத் தோன்றிய இடைவெளி செப்டம்பரில் பச்சைச் சுவராகிவிடுவதைக் கண்டு ஏமாந்தவர்கள் பலர். வியர்வையும் உண்ணியும் அந்தப் பருவத்தின் தொல்லைகள். கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்புவது என்பதால், பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி தெளித்த உடையை அணிந்து, வீடு திரும்பியதும் உடலைத் தலை முதல் கால் வரை சோதித்துக்கொள்ள வேண்டும்.

எந்த மரம்

நேரான தண்டும், உயிருள்ள கட்டையும், பின்புறம் உருவத்தை மறைக்கக் கிளைகளும் உள்ள மரம் வேண்டும். சாம்பல் மரம் எனப்படும் ஆஷ் மரங்களைத் தவிருங்கள். 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு அவற்றைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது; நிமிர்ந்து நின்றாலும் உள்ளே மரம் நொறுங்கியிருக்கும். பட்டை பட்டையாக உரியும் ஷாக்பார்க் ஹிக்கரி மரம் ஏறும்போதெல்லாம் சத்தம் போடும். பீச், ஆஸ்பென் போன்ற வழவழப்பான மரங்கள் உறைபனி நாளில் வழுக்கும். ஓக் மரத்தில் பழுத்த இலைகள் நவம்பர் தாண்டியும் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால், மற்ற மரங்கள் மொட்டையாகும்போது அது ஒரு திரையாகிறது.

மரம் மான் தடத்திலிருந்து 20 கெஜம் அளவில், வழக்கமாக வீசும் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் அமைய வேண்டும். படுக்கைப் புதருக்கு மிக நெருங்கிய மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பருவம் நெருங்கும் காலத்தில் அதைத் தொடாதீர்கள். உணவருந்தும் இடத்தில் கலைக்கப்பட்ட மான் மறுநாள் வரக்கூடும். படுக்கையில் கலைக்கப்பட்ட மான், குறிப்பாக வயது முதிர்ந்த ஆண் மான், பகலில் அந்தப் புதரைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுவதே வழக்கம்.

வேலை நாள்

நடுப்பகலைத் தேர்ந்தெடுங்கள். வெள்வால் மான் விடியலிலும் அந்தியிலும் மிகுதியாக நடமாடும் விலங்கு. காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே அது பெரும்பாலும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். காற்று மிதமாக வீசும் நாள், வானம் மூடியிருக்கும் நாள், அன்று மாலையோ இரவோ மழை பெய்யும் என்று எதிர்பார்க்கப்படும் நாள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். காற்று உங்கள் சத்தத்தை மூடுகிறது; பின்னர் வரும் மழை உங்கள் வாடையைக் கழுவுகிறது. இடியும் மின்னலும் இருந்தால் இரும்பு ஏணியோடு மரத்தில் இருப்பது தற்கொலைக்குச் சமம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தேவையான எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டு செல்லுங்கள். மறந்துபோன திருகுக்காக வண்டிக்குத் திரும்பி நடப்பது, அரை மணி நேர ரம்பச் சத்தத்தைவிட அதிகக் கேடு செய்யும். ஒவ்வொரு நடையும் ஒரு புதிய வாடைத் தடம். முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் கையுறையும் அணிந்து, மான் தடத்தின் குறுக்கே நடப்பதைத் தவிர்த்து, பின்னாளில் வேட்டைக்கு வரப்போகும் அதே வழியில் செல்லுங்கள். போகும் வழியெங்கும் கையால் கிளைகளை விலக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு கிளையிலும் உங்கள் வாடை மானின் மூக்கு மட்டத்தில் பூசப்படுகிறது. வண்டியில் மரத்தடி வரை போக வழியிருந்தால் போங்கள். இயந்திரத்தை அணைக்காமலே பொருள்களை இறக்கி, ஒருவர் வண்டியை ஓட்டிச் சென்றுவிடுவது பண்ணை நிலத்தில் நன்றாகப் பலிக்கும் முறை.

இருவராகச் செல்வது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, சத்தம் குறையவும் உதவும். ஏணிப் பரணை ஒருவரே நிமிர்த்த முயன்றால் அது மரத்தில் அடித்துத்தான் நிற்கும்; இருவர் இருந்தால் மெல்லச் சாய்த்து வைக்கலாம். பேச வேண்டியதைத் தாழ்ந்த குரலில், தேவையானபோது பேசிக்கொள்ளுங்கள். முற்றிலும் பேசாமல் சைகையால் ஏணி தூக்கி யாராவது விழுந்துவிடுவதைவிட, நான்கு வார்த்தை பேசுவது மேல்.

வேலையின் வரிசையில் பலர் தவறுகிறார்கள். வந்ததும் வராததுமாகத் தரையில் நின்றபடியே கிளைகளை வெட்டத் தொடங்கிவிடுவார்கள். பரணை முதலில் கட்டி, அதில் ஒருவர் அமர்ந்து, அங்கிருந்து பார்த்து எந்தக் கிளை தடுக்கிறது என்று சொல்ல, கீழே நிற்பவர் நீண்ட கம்பு ரம்பத்தால் அதை மட்டும் நீக்குவதே சரி. இம்முறையில் வெட்ட வேண்டியவை பாதியாகக் குறைவதைக் காண்பீர்கள், சத்தமும் பாதியாகும். அம்பு செல்ல இரண்டு மூன்று குறுகிய இடைவெளிகள் போதும். நாலாபுறமும் வெட்டவெளியாக்கினால் மானும் உங்களை நாலாபுறமும் பார்க்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள கிளைகளையும், பக்கவாட்டில் வில்லை இழுக்கும் கை அசைவை மறைக்கும் தழையையும் விட்டுவையுங்கள்.

மணிக்கட்டு அளவுக்குக் குறைவான கிளைகளுக்குக் கைரம்பமும் கிளை கத்தரியும் போதும். வளைந்த பற்களுள்ள நல்ல கைரம்பம் இழுக்கும்போது வெட்டும். அதன் ஒலி சங்கிலி ரம்பத்தின் இரைச்சலைப் போல வெகுதொலைவு செல்லாது. பெரிய மரத்தை வீழ்த்த வேண்டியிருந்தால் அதைக் கைரம்பத்தால் ஒரு மணி நேரம் அறுப்பதைவிடச் சங்கிலி ரம்பத்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவதே நல்லது. முன்பு சொன்னபடி, இரைச்சலைக் காட்டிலும் நீங்கள் அங்கே செலவிடும் நேரமே கூடுதல் விலை கேட்கிறது. வீழ்த்திய மரத்தின் உச்சியை அப்படியே விட்டுவிட்டால் குளிர்காலத்தில் மான்கள் அதை மேயும். சிறு மரக்கன்றுகளைத் தரையோடு ஒட்ட வெட்டுங்கள். முழங்கால் உயரத்தில் கூராக நிற்கும் அடிக்கட்டை இருளில் மனிதனையும் குத்தும். நீக்கிய கிளைகளை, மான் உங்கள் பின்புறமாகச் சுற்றிவரக்கூடிய வழியில் குவித்துவிட்டால் அது தானாகவே முன்பக்கத் தடத்துக்குத் திரும்பும்.

இவையெல்லாம் சொந்த நிலத்துக்கோ உரிமையாளரின் ஒப்புதல் பெற்ற நிலத்துக்கோ பொருந்துபவை. பொது நிலத்தில் விதிகள் கடுமையானவை. மிச்சிகனின் பொது நிலங்களில் ஆணியோ திருகாணியோ மரப்பட்டைக்கு அடியில் உள்ள உயிர்ப்படலத்தைத் துளைக்கக்கூடாது; பரணில் உரிமையாளரின் அடையாளம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பென்சில்வேனியாவின் மாநில வேட்டை நிலங்களில் முதல் மான் பருவத்துக்கு இரண்டு வாரங்கள் முன்பிருந்து கடைசிப் பருவம் முடிந்து இரண்டு வாரங்கள் வரை மட்டுமே பரணை விட்டுவைக்கலாம், மரத்துக்குச் சேதம் விளைவிக்கக்கூடாது. உங்கள் மாநிலம் அந்த ஆண்டு வெளியிடும் வேட்டை விதித் தொகுப்பைப் படிக்காமல் ஒரு சுள்ளியையும் முறிக்காதீர்கள்.

பரணின் வாயை அடைப்பது

இதுவரை சொன்னது வேலை நாளின் சத்தம். வேட்டை நாளின் சத்தம்தான் உண்மையில் மானை இழக்கச் செய்கிறது. ஏனெனில் அப்போது மான் அரை மைலுக்கு அப்பால் படுத்திருக்காது, 20 கெஜத்தில் நின்று காதைத் திருப்பிக்கொண்டிருக்கும். நல்ல வேளையாக இந்தச் சத்தத்தை வீட்டு முற்றத்திலேயே கொல்லலாம்.

பரணைக் காட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன், வீட்டில் ஒரு கம்பத்தில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கட்டி, அதன்மீது ஏறி நின்று, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிப் பாருங்கள். உட்காருங்கள், எழுந்திருங்கள், வில்லை இழுப்பது போலத் திரும்புங்கள். கிறீச்சிடும் இடம் தெரிந்துவிடும். அது பெரும்பாலும் இருக்கை மடியும் மூட்டாகவோ, தளத்தைத் தாங்கும் கம்பி வடம் சட்டத்தைத் தொடும் இடமாகவோ இருக்கும். மூட்டுத் திருகில் இரும்பு வளையத்தை எடுத்துவிட்டு நைலான் வளையம் போடுங்கள். இரும்பும் இரும்பும் தொடும் இடமெல்லாம் துணிப்பட்டை நாடாவைச் சுற்றுங்கள். ஹாக்கி மட்டையில் சுற்றும் நாடா இதற்கு மிகவும் ஏற்றது. சங்கிலி இருந்தால் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி அதற்குள் சங்கிலியைச் செருகிவிடுங்கள். மணமுள்ள எண்ணெயை மூட்டில் விடுவது சத்தத்தைப் போக்கி வாடையைக் கொண்டுவரும்; மெழுகு தேய்த்தால் போதும்.

குளிரை மறக்கக்கூடாது. ஆகஸ்டில் வாய் பேசாத பரண் நவம்பர் மாதத்து உறைபனிக் காலையில் முனகத் தொடங்கும். இரும்பு சுருங்குகிறது, கட்டுப்பட்டை நனைந்து உறைகிறது, இடைவெளிகள் பிறக்கின்றன. நானும் ஒரு முறை இதில் சிக்கினேன். கோடையில் கட்டி, ஒரு முறைகூடச் சோதிக்காமல் விட்ட பரணில், உறைபனி பெய்த விடியலில் எழுந்து நிற்க முயன்றபோது தளம் ஒரே ஒரு முறை 'டக்' என்றது. கீழே நின்ற பெண் மான் நேராக என் முகத்தைப் பார்த்தது. அதற்குப் பின் அது முன்னங்காலால் தரையைத் தட்டிய ஒலி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தளத்தின்மீது பழைய கம்பளத் துண்டு ஒன்றை விரித்துக் கட்டியிருந்தால் காலணியடியில் சேர்ந்த பனியின் சரசரப்பாவது தணிந்திருக்கும்.

மரத்தில் கட்டியபின் கவனிக்க வேண்டியவை இரண்டு. இறுக்கிய கட்டுப்பட்டையின் தட்டையான பக்கம் காற்றுக்கு எதிராக நீண்டு நின்றால் அது யாழ் நரம்பு போல அதிர்ந்து முனகும். கட்டும்போதே ஒன்றிரண்டு முறுக்கு முறுக்கிவிட்டால் அந்த ஒலி எழாது, தொங்கும் நுனியையும் முடிந்துவிட வேண்டும். இன்னொன்று, உங்கள் முதுகும் தோளும் உரசும் இடத்தில் தளர்ந்திருக்கும் மரப்பட்டையைக் கையால் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். அமைதியான மாலையில் கம்பளிச் சட்டை காய்ந்த பட்டையில் உரசும் ஓசை நினைத்ததைவிடத் தொலைவு செல்லும். பரணிலிருந்து கடைசி ஐம்பது கெஜம் வரை நடைபாதையில் உள்ள சருகை வாரி ஒதுக்கி மண்ணைக் காட்டிவிட்டால், இருளில் வந்து ஏறும்போது காலடியோசை எழாது. அக்டோபர் இறுதியில் இலையுதிர்வு முடிந்தபின் ஒரு மழை நாளில் மறுபடியும் ஒரு முறை வாரிவிட வேண்டியிருக்கும்.

உயரத்தில் வேலை

சத்தத்தைப் பற்றிய கவலையில் உயிரைப் பற்றிய கவனம் நழுவக்கூடாது. பரண் விபத்துகளில் பல, அமர்ந்திருக்கும்போது நிகழ்பவையல்ல. ஏறும்போதும், இறங்கும்போதும், கட்டும்போதும் நிகழ்பவை. 15 அடியிலிருந்து விழுந்தால் முதுகெலும்பு முறிய அதுவே போதுமானது. முழு உடல் பாதுகாப்பு வாரை அணிந்து, தரையிலிருந்து இருக்கைக்கு மேல் வரை கட்டிய உயிர்க்கயிற்றில், எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும் ப்ரூசிக் முடிச்சால் உங்களை இணைத்துக்கொண்டே ஏறுங்கள். கால் தரையைவிட்ட கணத்திலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை அந்த இணைப்பு அவிழக்கூடாது. விழுந்து வாரில் தொங்க நேர்ந்தால் கால்களுக்கு இரத்தம் திரும்பக் கால் வைத்து நிற்கும் துணை வார் சட்டைப் பையில் இருக்கட்டும். வில்லையும் ரம்பத்தையும் கையில் பிடித்துக்கொண்டு ஏறாமல், மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள். பல பரண்களின் எடை வரம்பு 300 பவுண்டு. அதில் உங்கள் உடை, பை, கருவி எல்லாம் அடங்கும். வெயிலில் நைந்த கட்டுப்பட்டைகளையும், அணில் கடித்த கட்டுப்பட்டைகளையும் மாற்றிவிடுங்கள். ஆண்டு முழுதும் ஒரே மரத்தில் இறுக்கி விட்ட பட்டை, மரம் பருத்து வளரும் வேகத்தில் வெளியே தெரியாமலே அறுந்துகொண்டிருக்கும்.

கட்டி முடித்த பின்

முடித்ததும் விலகுங்கள். மான் வருகிறதா என்று பார்க்க இரண்டு நாளுக்கொரு முறை போய் நிற்பவர்தான் மானை உண்மையில் விரட்டுகிறவர். அசைவு கண்டால் தானே படமெடுக்கும் தடக் கேமரா ஒன்றை மரத்தில் உயரமாகக் கட்டி, அதன் பதிவுகளைத் தொலைவிலிருந்தே பெற வசதியிருந்தால் அப்படியே பெறுங்கள். இல்லையெனில் முதல் வேட்டை நாள் வரை அதைத் தொடாதீர்கள். எடுத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் காண்பது இதுதான்: வேலை முடிந்த இரவோ மறு இரவோ பெண் மான்களும் குட்டிகளும் வந்து, வெட்டுப்பட்ட கிளையையும் ஏணியின் அடிக்காலையும் மூக்கால் நுகர்ந்து பார்த்துச் சென்றிருக்கும். வயது முதிர்ந்த ஆண் மான் பகல் வெளிச்சத்தில் தலைகாட்ட இன்னும் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும்.

வேட்டைப் பருவத்தின் நடுவிலேயே இடம் மாற்ற வேண்டிய நிலை வந்தால், மேற்சொன்ன நீண்ட முறைக்கு நேரமில்லை. அப்போது பெரிய ஏணியை விட்டுவிட்டு, இலகுவான தொங்கு பரணையோ, இடுப்பில் அணிந்து மரத்தில் தொங்கியபடி அமரும் ஏறுகச்சையையோ முதுகில் சுமந்து சென்று, காற்று வீசும் நடுப்பகலில் கட்டி, அன்று மாலையே அங்கு அமர்ந்துவிடுங்கள். கிளை எதையும் வெட்டாதீர்கள், இருக்கும் இடைவெளியைப் பயன்படுத்துங்கள். உங்கள் வாடை அங்கே ஊறி, மான்கள் அதைக் கண்டறிந்து வழி மாற்றுவதற்கு முன் கிடைக்கும் முதல் மாலைதான் அந்த மரத்தின் மிகச் சிறந்த மாலை. அந்தியில் காற்றுக் குளிர்ந்து சரிவில் கீழ்நோக்கி இறங்கும் என்பதால், மான் வரும் வழி உங்களுக்குக் கீழே பள்ளத்தில் இருந்தால் அந்த மரத்தை மாலைக்குத் தேர்ந்தெடுக்காமல், கதிர் ஏறிச் சரிவு சூடாகிக் காற்று மேலெழும் காலை வேளைக்கு விட்டுவையுங்கள்.